புது பேட்டரி போட்டும் 40 சதவீதத்தில் லேப்டாப் ஆஃப் ஆகுதா? தப்பு சிப்பிலா, செல்லிலா... திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் கண்டுபிடிப்பது எப்படி?

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி. ரூமில் கரண்ட் போகுது. லேப்டாப் மூலையில் பேட்டரி 42 சதவீதம் என்று காட்டுது. போன வாரம்தான் புது பேட்டரி மாத்தியாச்சு, எப்படியும் ஒரு மணி நேரம் தாங்கும் என்று நம்பி டைப் பண்ணிக்கொண்டே இருக்கும்போது திரை இருட்டாகிவிடுகிறது. எச்சரிக்கை இல்லை, சேவ் பண்ண அவகாசமும் இல்லை. சார்ஜர் செருகி மறுபடி ஆன் பண்ணினால் 3 சதவீதம் என்கிறது.

கூடுவாஞ்சேரி மாதிரி ஊரில் இது அடிக்கடி காதில் விழும் புலம்பல். ஒரு பக்கம் பொத்தேரி கல்லூரி மாணவர்கள், இன்னொரு பக்கம் பரனூர் மகிந்திரா சிட்டிக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயிலில் போய் வரும் ஊழியர்கள். வீட்டுக்கு ஒரு லேப்டாப் இருக்கும், அதில் பாதி பழசாக இருக்கும். புது லேப்டாப்புக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுக்க முடியாதவர்கள் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போடுவார்கள், ஜி.எஸ்.டி. சாலை சர்வீஸ் கடையில் கொடுப்பார்கள், அல்லது ரயில் ஏறி சென்னை ரிட்சி தெருவுக்குப் போவார்கள்.

மாற்றிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. காட்டும் சதவீதத்துக்கும் ஓடும் நேரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கடையில் போய்ச் சொன்னால், “நாலு தடவை ஃபுல்லா சார்ஜ் போட்டு ஃபுல்லா இறக்குங்க, செட் ஆயிடும்” என்பார்கள். அது சில சமயம் சரியான பதில். சில சமயம் பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஏழு நாளோ பத்து நாளோ சத்தமில்லாமல் கரைந்துபோக வைக்கும் பதில். எது எப்போது என்று தெரிந்துகொள்ள, அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கணும்.

அந்த 42 சதவீதம் யார் சொன்னது?

விண்டோஸ் சொல்லவில்லை. அது வெறும் ஒலிபெருக்கி. பேட்டரிக்குள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் அதில் ஒரு சிப்பும் இருக்கிறது. சார்ஜ் கணக்கு வைத்திருப்பது அந்தச் சிப்தான். அது சொல்வதை லேப்டாப் கேட்டு அப்படியே திரையில் காட்டுகிறது. 1990-களின் நடுவில் இன்டெல், டியூராசெல் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த ‘ஸ்மார்ட் பேட்டரி’ விதிமுறைதான் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை.

சிப் எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதற்கு, மழைக்காலத்தில் டிவியில் ஓடும் ஏரி நிலவரத்தை நினைத்துக்கொண்டால் போதும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்வரத்து இவ்வளவு கன அடி, வெளியேற்றம் இவ்வளவு கன அடி என்று தினமும் செய்தி வாசிக்கிறோம். எத்தனை அடி நிற்கிறது என்று அளவுகோலைப் பார்த்தும் இருப்பைச் சொல்லலாம். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று கூட்டிக் கழித்தும் சொல்லலாம்.

பேட்டரியில் ‘அடி’ என்பது வோல்ட்டேஜ். ஒரு லித்தியம் அயான் செல் முழுசா சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் பக்கம். அப்படியானால் வோல்ட்டைப் பார்த்தே சதவீதம் சொல்லிவிடலாமே? முடியாது. ஏறக்குறைய 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை வோல்ட்டேஜ் ரொம்ப மெதுவாகத்தான் இறங்கும். அதோடு, பிரைட்னஸைக் கூட்டினாலோ கேம் ஓடினாலோ வோல்ட் தானாகச் சரியும், நிறுத்தினால் மறுபடி ஏறும். காற்றில் அலை அடிக்கும்போது அளவுகோலில் அடி பார்ப்பது போலத்தான்.

அதனால் சிப் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொள்கிறது. சில மில்லி ஓம் அளவே உள்ள ஒரு குட்டி ரெசிஸ்டர் வழியாகத்தான் மொத்த மின்னோட்டமும் போகும். அதில் எவ்வளவு போகிறது, வருகிறது என்று நொடிக்கு நொடி கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். இந்த முறை நல்ல துல்லியம். ஆனால் இதற்கு இரண்டு பலவீனம். சின்னச் சின்னப் பிழைகள் நாள்பட நாள்பட சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவதுதான் பெரிசு: வரவு செலவு சரியாக இருந்தாலும், ஏரியின் மொத்தக் கொள்ளளவு தெரியாவிட்டால் சதவீதம் சொல்லவே முடியாது.

ஏரியில் வண்டல் சேர்ந்தால் கொள்ளளவு குறையும். அளவுகோல் என்னவோ 24 அடி என்றுதான் காட்டும். பேட்டரியும் அப்படித்தான், பழசாகப் பழசாக உள்ளே பிடிக்கும் மின்சாரம் குறைந்துகொண்டே போகும். இப்போது எவ்வளவு பிடிக்கும் என்று சிப் தானாக ஊகித்து ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கும். அதன் பெயர் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’. ஃபேக்டரியில் எழுதிய முதல் எண் ‘டிசைன் கெபாசிட்டி’. திரையில் தெரியும் சதவீதம், மிச்சமிருப்பதை இந்த ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியால் வகுத்து வருவது. வகுக்கும் எண் தப்பென்றால் விடையும் தப்பு.

(பேட்டரிக்கு ‘மின்கலம்’ என்று பெயர் வைத்தவர்களைப் பாராட்டலாம். கலம் என்றால் பாத்திரம். நெல் அளக்கும் அளவுக்கும் கலம் என்றுதான் பெயர், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இங்கே தகராறே, இந்தக் கலம் எத்தனை மரக்கால் பிடிக்கும் என்பதுதான்.)

இன்னொரு சுவாரஸ்யம். அந்த ஸ்மார்ட் பேட்டரி விதிமுறையில், ‘என் கணக்கு எத்தனை சதவீதம் தப்பாக இருக்கலாம்’ என்று சிப்பே சொல்வதற்கு ஒரு தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விண்டோஸ் அதை நமக்குக் காட்டுவதில்லை. காட்டியிருந்தால் “42 சதவீதம், முன்னே பின்னே இருக்கும்” என்று திரையிலேயே தெரிந்திருக்கும், ப்ராஜெக்ட்டும் பிழைத்திருக்கும்.

புது பேட்டரியில் ஏன் தப்பாகிறது?

நாலு காரணம் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நாலும் ஒரே மாதிரி தெரியும்.

முதலாவது, அப்பாவியான காரணம். பேட்டரி நிஜமாகவே புதுசு, செல்லும் நல்ல செல். ஆனால் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்ததால் சிப்பின் கணக்கு பிசகியிருக்கிறது. கடைக்காரர் சொல்லும் ஃபுல் சார்ஜ் வைத்தியம் இதற்குக் கேட்கும்.

இரண்டாவது, புது பேட்டரிதான், ஆனால் ‘புதுசு’ இல்லை. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினி இதற்குச் சரியான உதாரணம். 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். எல்காட் மூலம் வாங்கி, பல லட்சம் மாணவர்கள் கைக்குப் போனது. அந்த மெஷின்களில் கணிசமானவை இன்னும் தம்பி தங்கைகளிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. பத்து வருஷத்துக்கு முந்தைய மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி இன்று கிடைத்தால், அது எப்போது செய்தது என்று கேட்க வேண்டாமா? லித்தியம் செல் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் கிழடு தட்டும். ரொம்ப நாள் காலியாகவே கிடந்தால் செல்லுக்குள் நிரந்தரச் சேதம் ஆகிவிடும். லேபிளில் தயாரிப்பு மாதம், வருஷம் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

மூன்றாவது, செல் மாற்றிய பேட்டரி. பழைய பேட்டரிப் பெட்டியைப் பிளந்து உள்ளே வேறு செல்களை வெல்டு பண்ணி மூடிவிடுவார்கள். சிப் பழசு. அதன் நினைவில் இருப்பது செத்துப்போன செல்களின் சரித்திரம்: 600 சைக்கிள் ஓடியாச்சு, இப்போது பிடிப்பது 18 வாட்-மணிதான் என்று எழுதி வைத்திருக்கும். உள்ளே 45 வாட்-மணி இருந்தாலும் அது நம்பாது. 0 சதவீதம் காட்டிவிட்டு அதன்பிறகும் மணிக்கணக்கில் ஓடும் விநோதம் இப்படித்தான் நடக்கிறது.

நாலாவதுதான் ஏமாற்று. மூன்றாவதின் தலைகீழ். பழைய, தேய்ந்த செல். ஆனால் சிப்பில் கணக்கை அழித்து, சைக்கிள் 0, கெபாசிட்டி 100 சதவீதம் என்று புதுசாக எழுதிவிடுவது. செகண்ட் ஹேண்ட் பைக்கில் கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைப்பது தெரியும்தானே, அதே வேலை.

சிப்பில் இப்படியெல்லாம் எழுத முடியுமா என்று சந்தேகம் வரலாம். முடியும் என்று 2011-லேயே மேடையேற்றிக் காட்டினார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹேட் பாதுகாப்பு மாநாட்டில், சார்லி மில்லர் என்ற ஆய்வாளர் ஆப்பிள் லேப்டாப் பேட்டரிகளின் சிப்பைத் திறந்து காட்டினார். சிப் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டிலேயே அச்சாகியிருந்த பொதுவான பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதைப் போட்டு உள்ளே நுழைந்தால் பேட்டரி லேப்டாப்பிடம் என்ன எண்ணைச் சொல்லணும் என்பதையும் மாற்ற முடிந்தது. சோதனையில் சில பேட்டரிகள் அவர் கையிலேயே செயலிழந்தும் போயின. தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய அதே வருஷம்தான் இது.

முதல் நாளே எடுக்க வேண்டிய ரிப்போர்ட்

புது பேட்டரி போட்ட அன்றைக்கே, மற்ற எதையும் செய்வதற்கு முன்னால், விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. காசு கொடுத்து ஆப் எதுவும் இறக்க வேண்டாம்.

சர்ச் பெட்டியில் சி, எம், டி என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடித்தால் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ வரும். அந்தக் கறுப்புப் பெட்டியில் ‘பவர்’ என்ற ஆங்கில வார்த்தை, அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்து, அப்புறம் ஓர் இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, கோட்டை ஒட்டி ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்று இரண்டு வார்த்தையையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டணும். எல்லாம் சின்ன எழுத்தில் அடித்தால் போதும். ஃபைல் எந்த ஃபோல்டரில் சேவ் ஆனது என்று அதுவே காட்டும். அதை பிரவுசரில் திறக்கலாம். அரசு லேப்டாப்பில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ வேறு லினக்ஸோ ஓட்டுகிறவர்கள், ‘பவர் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்ற ஆப் இருந்தால் அதில் கிட்டத்தட்ட இதே எண்களைப் பார்க்கலாம்.

ரிப்போர்ட்டில் மூன்று வரி முக்கியம். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி, சைக்கிள் கவுண்ட். அளவு மில்லிவாட்-மணியில் இருக்கும். 45,000 என்று இருந்தால் 45 வாட்-மணி. லேப்டாப் 15 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம் ஓடும் என்று கணக்கு.

புதுசு என்று வாங்கியதில் சைக்கிள் கவுண்ட் முந்நூறு, நானூறு என்று இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி டிசைனில் பாதிகூட இல்லை என்றாலும் சந்தேகப்படலாம். ஆனால் சைக்கிள் 0 என்று இருந்தால் அது நல்ல பேட்டரிக்குச் சாட்சி ஆகாது. மீட்டர் திருப்பிய பேட்டரியும் 0 என்றுதான் சொல்லும். சில லேப்டாப்களில் அந்த இடம் வெறும் கோடாகவே இருக்கும், அது குற்றமும் இல்லை.

ரிப்போர்ட்டில் உள்ள டிசைன் எண்ணை பேட்டரி மேல் ஒட்டிய லேபிளோடு ஒப்பிடுங்கள். லேபிளில் 11.1 வோல்ட், 4,400 எம்.ஏ.ஹெச். என்று இருந்தால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 48.8 வாட்-மணி வரணும். பெருக்கினால் பொருந்தாத லேபிள்கள் நிறைய உலவுகின்றன. உருளை செல் போட்ட ஆறு செல் பேட்டரி என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. கட்டைவிரல் பருமனில் இருக்கும் அந்த 18650 வகை செல்லில், நல்ல கம்பெனி தயாரிப்பிலேயே 3,500 எம்.ஏ.ஹெச். பக்கம்தான் உச்சம். மூன்று மூன்றாக இரண்டு வரிசை என்பதால் மொத்தம் 7,000-ஐத் தாண்ட வழியில்லை. 9,000 என்று எழுதியிருந்தால் அந்த பேட்டரியின் சதவீதத்தை மட்டும் நம்புவானேன்?

இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் லேபிளில் இருக்கணும். ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் அந்தப் பதிவு எண்ணை அடித்தால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய எண் என்று வந்துவிடும். இரண்டு நிமிஷ வேலைதான்.

திடீர் சரிவை ரிப்போர்ட்டே காட்டிக்கொடுக்கும்

அதே ரிப்போர்ட்டில் கீழே ‘ரீசன்ட் யூசேஜ்’, ‘பேட்டரி யூசேஜ்’ என்று அட்டவணைகள் இருக்கும். எந்த நேரத்தில் எத்தனை சதவீதம், எத்தனை மில்லிவாட்-மணி என்று வரிசையாக இருக்கும். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் விஷயமே இங்கேதான்.

45 வாட்-மணி பேட்டரி, 40 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இரண்டே நிமிஷத்தில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 37 சதவீதம் என்றால் 16.65 வாட்-மணி. இரண்டு நிமிஷத்தில் அவ்வளவு செலவாகணும் என்றால் லேப்டாப் 500 வாட் இழுத்திருக்கணும். அது மிக்ஸி ஓடும் அளவு. வேர்டில் டைப் பண்ணிக்கொண்டிருக்கும் சாதாரண லேப்டாப் 10 வாட்டிலிருந்து 20 வாட்தான் இழுக்கும். ஆக, அந்த 16.65 வாட்-மணி செலவாகவில்லை. முதலிலேயே இருக்கவில்லை. இருப்பதாகச் சிப் எழுதி வைத்திருந்தது, கடைசியில் வோல்ட்டேஜ் தரையைத் தட்டியதும் தன் தப்பை உணர்ந்து 3-க்கு குதித்துவிட்டது.

இந்த ஒரு பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், “நீங்க ஓவரா கேம் ஆடியிருப்பீங்க” என்ற பதிலுக்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

ஃபுல் சார்ஜ் வைத்தியம்: ஒரு தடவை, முறையாக

சிப்புக்கு ஏரியின் கொள்ளளவைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த வைத்தியம். ‘கேலிபரேஷன்’ என்பார்கள். முழுசு எது, காலி எது என்ற இரண்டு முனையும் தெரிந்தால், நடுவில் வெளியேறிய மின்சாரத்தைக் கூட்டி மொத்தத்தைக் கண்டுபிடித்துவிடும். பலரும் தப்பு விடுவது ஓய்வு நேரத்தில்.

100 சதவீதம் வரை சார்ஜ் போட்டு, சார்ஜரை எடுக்காமல் இரண்டு மணி நேரம் அப்படியே விடணும். செல்களின் வோல்ட் அடங்கி நிலைக்கு வந்தால்தான் சிப் அதை ‘முழுசு’ என்று நம்பிக் குறித்துக்கொள்ளும். பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு, ஸ்லீப் ஆகாதபடி செட்டிங் மாற்றி, ஒரே சீராக ஏதாவது ஓட்டணும். ஒரு நீள வீடியோ போதும். கேம் வேண்டாம், வேகமாக உறிஞ்சினால் கணக்கு தப்பும். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு ஆஃப் ஆனது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். சிப்பை நம்பாமல் நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி சுவர்க் கடிகாரம்தான். அதற்கு முன் திறந்திருக்கும் ஃபைல் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

விண்டோஸ் வழக்கமாக 5 சதவீதம் பக்கம் தானாகவே ஹைபர்னேட் ஆகிவிடும். அதற்குக் கீழும் இறக்கணும் என்றால் பயாஸ் திரையைத் திறந்து அப்படியே விட்டுவிடலாம். அங்கே விண்டோஸின் தடை கிடையாது. ஆஃப் ஆனதும் உடனே சார்ஜர் செருகக் கூடாது. ஐந்து மணி நேரம் சும்மா கிடக்கட்டும். சாயங்காலம் ஆரம்பித்தால் ராத்திரி தூங்கும் நேரம் இதற்குச் சரியாக இருக்கும். அதற்காக ஒரு நாள் முழுக்கக் காலியாகவே போட்டுவைக்க வேண்டாம், அது செல்லுக்குக் கெடுதல். காலையில் இடைவெளி விடாமல் 100 வரை சார்ஜ் போட்டு, மறுபடி ரிப்போர்ட் எடுங்கள்.

சில கம்பெனி லேப்டாப்களில் இந்த வேலையைத் தானே செய்யும் வசதி உண்டு. லெனோவோ திங்க்பேடில் வான்டேஜ் ஆப்பில் ‘பேட்டரி கேஜ் ரீசெட்’ என்று இருக்கும். இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

இப்போது இரண்டாவது ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி டிசைனுக்குப் பக்கத்தில் வந்து, சதவீதமும் படிப்படியாக இறங்கி, கடிகாரக் கணக்கும் ஒத்துப்போனால் பிரச்சினை முடிந்தது. சிப்தான் குழம்பியிருந்தது. பேட்டரியை வைத்துக்கொள்ளலாம்.

சதவீதம் அழகாக இறங்குகிறது, திடீர் சரிவு இல்லை, ஆனால் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 45,000-லிருந்து 26,000-க்கு வந்துவிட்டது என்றால்? “பார்த்தீங்களா, செட் ஆயிடுச்சு” என்று கடையில் சொல்வார்கள். செட் ஆனது சிப். செல் அல்ல. இத்தனை நாள் பொய் சொன்ன சிப் இப்போது உண்மை சொல்கிறது, அந்த உண்மை என்னவென்றால் உள்ளே இருப்பது தேய்ந்த செல். கேலிபரேஷன் எந்த பேட்டரிக்கும் உயிர் கொடுக்காது, கணக்கை மட்டும்தான் நேராக்கும். இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சரிவு நின்றதும் சந்தோஷமாகி, திருப்பிக் கொடுக்கும் நாளைக் கோட்டை விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது சாத்தியம்: ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி ஓர் இலக்கம்கூட மாறாமல் டிசைன் எண்ணாகவே நிற்கிறது, 40-லிருந்து விழுவதும் தொடர்கிறது. இது கற்றுக்கொள்ளாத சிப். மலிவு பேட்டரிகளில் இப்படிப் பார்க்கலாம். இன்னும் நாலு தடவை இறக்கி ஏற்றினாலும் ஒன்றும் மாறாது, ஒவ்வொரு தடவையும் செல்தான் தேயும். ஒரு தடவை முறையாகச் செய்தது போதும், பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

பேட்டரி மேல் பழி போடக் கூடாதவை

60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜ் நின்று போகிறது, மேலே ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் அது பெரும்பாலும் கோளாறே இல்லை. பேட்டரி ஆயுளைக் கூட்ட லெனோவோ, ஆசுஸ் போன்ற பல கம்பெனிகள் ‘கன்சர்வேஷன் மோட்’ மாதிரி ஒன்றை வைத்திருக்கின்றன. பழைய பேட்டரிக்கு எப்போதோ ஆன் பண்ணியது புது பேட்டரிக்கும் தொடரும். ஆஃப் பண்ணினால் 100 வரை ஏறும். கேலிபரேஷனுக்கு முன் இதைப் பார்க்காவிட்டால் ஒரு ராத்திரி வீண்.

பேட்டரியே இல்லை என்கிறது, அல்லது ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்று நிற்கிறது என்றால், லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரையும் கழற்றக்கூடிய பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து மறுபடி போட்டுப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் செய்யும் வழியும் யூடியூபில் சக்கைப்போடு போடுகிறது. செய்வதில் தப்பில்லை. ஆனால் அது ஒலிபெருக்கியைத் துடைப்பது மாதிரிதான், பேசுவது சிப். சில திங்க்பேட் மாடல்களில் கம்பெனி அங்கீகரிக்காத பேட்டரி என்றால் பயாஸே சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அதற்கு எந்த டிரைவரும் உதவாது.

கைவைக்கக் கூடாத இடம்

பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழும்பி நின்றாலோ, தொட முடியாத சூடோ இனிப்பான கெமிக்கல் வாடையோ வந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, ஆஃப் பண்ணி, எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு கடைக்குத் தகவல் சொல்லுங்கள். கேலிபரேஷன் செய்யும்போதும் மெத்தை, தலையணை மேல் லேப்டாப்பை வைக்காதீர்கள். பெரிய கம்பெனி செல்லுக்கே இந்தக் கதி வந்ததுண்டு. 2006-ல் டெல் நிறுவனம், சோனி தயாரித்த செல் கொண்ட சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் தீப்பிடிக்கும் ஆபத்து காரணமாகத் திரும்பப் பெற்றது.

பெட்டியைப் பிளந்து செல் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், விலை பாதிதான் என்றாலும் ஒரு நிமிஷம் யோசிக்கணும். செல்லைக் கழற்றியதுமே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் சிப்கள் உண்டு. பூட்டிக்கொள்ளாதவையும் பழைய சரித்திரத்தையே பாடும். அதைவிட முக்கியமாக, அதிக சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு வேலையும் அதே போர்டில்தான் நடக்கிறது.

பழைய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்துவிடுவது எளிது.

கடையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

ஆன்லைன் விற்பனையில் பேட்டரிக்குப் பெரும்பாலும் குறுகிய கெடுதான், அதிலும் பல இடங்களில் பணம் திரும்ப வராது, மாற்றுப் பொருள் மட்டும்தான். அதனால் பெட்டியைப் பிரிக்கும்போதே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு ரிப்போர்ட், அன்று ராத்திரியே கேலிபரேஷன், மறுநாள் இரண்டாவது ரிப்போர்ட். இரண்டு நாளில் விடை தெரிந்துவிடும், மிச்ச நாள் பேரம் பேச இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியது: ஜி.எஸ்.டி. பில், லேபிளின் ஃபோட்டோ, இரண்டு ரிப்போர்ட் ஃபைல், முடிந்தால் சதவீதம் குதிக்கும்போது எடுத்த வீடியோ. ‘ஆறு மாதம் வாரன்டி’ என்று வாயால் சொன்னதை பில்லில் எழுதி வாங்குங்கள். வாரன்டி எதற்கு என்றும் கேளுங்கள். ‘ஆன் ஆகவில்லை என்றால் மட்டும்’ என்று இருந்தால், 40 சதவீதத்தில் ஆஃப் ஆகும் பேட்டரி அவர்கள் கணக்கில் நல்ல பேட்டரி.

எதுவும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பல புகார்கள் விற்பனையாளருக்குத் தகவல் போகும் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்கும் மசியாதவர்கள் மீது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு அது செங்கல்பட்டு. வழக்கின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2025-26 தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த மெஷின்கள் கைக்கு வந்தவர்களும் முதல் நாளே ஒரு பேட்டரி ரிப்போர்ட் எடுத்து மெயிலில் போட்டு வைக்கலாம். நாலு வருஷம் கழித்து புது பேட்டரி வாங்கும்போது, ஒரிஜினல் டிசைன் கெபாசிட்டி எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டியிருக்காது.